முகம் இல்லாமல் எடுத்த படம்

நான் எழுதியதில் அதிகம் பேர் பார்த்தது, பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டைக்காக, பிரஸ் மெஷினுக்குள் கையை விடாதீர்கள் என்று சொல்லும் நான்கு நிமிட வீடியோதான். தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. ஹெல்மெட் போடு, கையுறை போடு, தரையில் எண்ணெய் சிந்தினால் துடை என்று ஆறு வருடம் எழுதி எனக்கே என்மேல் சலிப்பு தட்டிவிட்டது. அந்தச் சலிப்பில்தான் வரலாற்று ஆவணப்படம் எடுக்கக் கற்றுத்தரும் வார இறுதி வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. வகுப்பில் மற்ற எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள்.

படத்துக்கான விஷயம் வீட்டிலேயே இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தேன். குளியலறைச் சுவரில், தரையை ஒட்டி, முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புக் கதவு. பின்சந்துப் பக்கம் திறக்க வேண்டியது, துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அது பூனை வந்து போறதுக்கு விட்டதும்மா" என்றார். பூனைக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று வாய் வரை வந்தது. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் என்பதால் விழுங்கிக்கொண்டேன். பிறகு பின்சந்தில் நடந்து பார்த்தால், பழைய வீடு ஒவ்வொன்றின் பின்சுவரிலும் அதே அளவில் ஒரு கதவோ, செங்கல் வைத்து அடைத்த தடமோ இருந்தது. தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் வருவதற்கு முன்னால் அந்தக் கதவு வழியாகத்தான் கையை விட்டு மலவாளியை இழுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

உடனே உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். வெள்ளைக்காரர்களின் ராணுவம் வந்தது, பங்களாக்கள் வந்தன, தமிழ் நாட்டிலிருந்து கூலிக்கு ஆட்கள் வந்தார்கள் என்று எல்லாம் இருந்தது. ஆசிரியர் கன்னடக்காரர், என் வயதுதான் இருக்கும். பத்துப் பக்கம் புரட்டிவிட்டு, "ஓதக்கெ சென்னாகிதெ. நோடக்கெ ஏனிதெ?" என்றார். படிக்க நன்றாக இருக்கிறது, பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. கதவு இருக்கிறது, அந்தக் கதவுக்கு வெளியே குனிந்த ஆள் ஒருவர்கூட என் நாற்பது பக்கத்தில் இல்லை.

எங்கள் பின்சந்தில் பெருக்க வரும் பெண்ணிடம், அந்த வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து நாள் கழித்து அவளாகவே வந்து, நீலசந்திராவில் தனக்கு அத்தை முறையான ஒருவர் இருக்கிறார், பேசுவாரோ மாட்டாரோ தெரியாது என்று சொல்லி வீட்டு அடையாளம் கொடுத்தாள்.

அந்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரே அறை, சுவரில் புத்தர் படம், ஒரு கட்டில், பேத்திக்காக வாங்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. கேமராவை எடுத்ததுமே கையை உயர்த்தித் தடுத்தார்.

"மூஞ்சி வேணாம் கண்ணு. பேரும் வேணாம். பொண்ணக் கட்டிக் குடுத்த எடத்துல, நாங்க மில்லுல வேல செஞ்சவங்கன்னு சொல்லி வெச்சிருக்குது. வேற ஆளுங்க அவுங்க. பேத்தி ஞாயித்துக்கெழம ஆனா வந்துரும். அது நின்னுபோச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"முகம் வராதும்மா, சத்தியமா" என்றேன். அதோடு நிறுத்தாமல், "அப்புறம் எதுக்கும்மா பேச ஒத்துக்கிட்டீங்க?" என்று ஒரு கேள்வியையும் கேட்டு வைத்தேன்.

"இத்தினி வருசத்துல யாரும் கேக்கலியே" என்றார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தச் சொல்வேன்; பொறுமையாக நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பத்து வயதில் அம்மாவோடு வேலைக்குப் போனது. சின்னக் கை என்பதால் கதவுக்குள் கையை விட்டு வாளியைப் பிடிப்பது அவர் பாடு. "சில நேரம் மேல ஆளு ஒக்காந்துக்கினு இருக்கும். இருமுனாத்தான் தெரியும். அது எந்திரிச்சுப் போற வரைக்கும் சந்துலயே நின்னுக்கினு இருப்போம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

முகம் கூடாது என்றால் கையைக் காட்டு என்பது எங்கள் வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த பாடம். கை பேசும், பேச்சை நடுவில் வெட்டி ஒட்டியதும் அந்த இடத்தில் கையைக் காட்டினால் தெரியாது. நானும் கையைத்தான் எடுத்தேன். மடியில் கோத்த கை, முந்தானையை முறுக்கும் கை, டம்ளரைப் பிடித்த கை. வலது முன்கையில் பச்சை குத்திய தேள் ஒன்று இருந்தது. நிறம் மங்கி, ஒரு கொடுக்கு அழிந்துபோன தேள். அதைக் கிட்டப் போய் எடுத்தேன். அழகாக விழுந்தது. குரலை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றிக் கேட்டால் பேய்ப் படம் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தைப் பன்னிரண்டு நிமிடமாகக் குறைக்க மூன்று வாரம் ஆனது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைகால் புரியாமல் அன்று மாலையே இணையத்தில் ஏற்றினேன்.

என் பாதுகாப்பு வீடியோக்களைப் பார்ப்பதுபோல நாலு பேர் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்தேன். யாரோ அதிலிருந்து ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அது குரூப் குரூப்பாகப் போனது. ஒன்பதாம் நாள் அலுவலகத்தில் இருந்தபோது அந்த அம்மாவின் மகள் அழைத்தார். எங்கள் சந்தில் பெருக்கும் பெண்ணிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறார்.

"எங்க மாமியார் ஃபோனுக்கே வந்திருச்சுங்க. தேளப் பாத்ததும் கண்டுபுடிச்சிட்டாங்க. அந்தக் கையால எத்தன தடவ சோறு போட்டிருக்காங்க எங்கம்மா, தெரியாமப் போவுமா? இனிமே கொழந்த அங்க போகக் கூடாதுன்னுட்டாங்க. என்னையும்தான். மூஞ்சி தெரியாதுன்னு சத்தியம் பண்ணீங்களாமே?"

"முகம் தெரியலையேங்க" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

"மொத்தமா அழிச்சிருங்க. ஒரு எடத்துலயும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதைப் போட்டு உடைக்கிற குணம். அன்று கோபம் என்மேலேயே வந்தது. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இணையத்தில் இருந்ததை எடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். எடுத்த இரண்டு மணி நேரமும் இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தேன், அதன் நகலையும் துடைத்தேன். வகுப்பில் கொடுத்து வைத்திருந்த முழுப் பிரதியையும் ஆசிரியரிடம் சொல்லி அழிக்க வைத்தேன். "அவசரப்படாதீங்க, ரா ஃபுட்டேஜ், வெட்டாத அந்த ரெண்டு மணி நேரமாவது இருக்கட்டும்" என்றார் அவர். காதில் வாங்கவில்லை. முடித்தபோது ஏதோ பரிகாரம் செய்துவிட்டது மாதிரி மனசு லேசாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீலசந்திராவுக்குப் போனேன். திட்டித் தீர்த்துவிடுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போனேன். அவர் கதவைத் திறந்து, "உள்ள வா" என்று மட்டும் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். நான் அழுதேன், மன்னிப்புக் கேட்டேன்.

"பொண்ணு பேசவே மாட்டேங்குது. பேத்தி இப்ப எழுந்திருக்குமோ இன்னாவோ" என்று வாசலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, அது போனது போச்சு. எனக்குப் போட்டுக் காட்டு."

"எதம்மா?"

"நான் பேசுனத. தெருவுல இருக்கறவன் எல்லாம் பாத்திருக்கான். நான் பாக்கலியே."

அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். நான் ஒருநாளும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை.

"அழிச்சிட்டேம்மா. உங்க பொண்ணு சொன்னாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?" அதைக்கூடக் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். "இன்னொருக்கா என்னால அத்த சொல்ல முடியாது கண்ணு. நீதான் கேட்டியே. நீ சொல்லு, நான் இன்னா சொன்னேன்னு."

நான் சொல்லத் தொடங்கினேன். பத்து வயது, அம்மாவோடு போனது, சின்னக் கை, மேலே இருமியவர், சந்தில் காத்து நின்றது. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மூன்று வாரம் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும்தான். இரண்டு மணி நேரத்தில் நான் வெட்டிப் போட்ட எதுவும், அவர் அம்மாவின் பேர்கூட, எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் இன்னும் வரும் என்று காத்திருந்தார். பிறகு, "அவ்ளோதானா நான் சொன்னது?" என்றார்.