நான் பிடுங்கிய இரண்டு மூங்கில் கழிகள்

போன வருஷம் அரையாண்டு லீவில், கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள், ஏலகிரிக்குக் காரில் கிளம்பினோம். ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீடு. நான், என் கணவர், என் மகன், அப்புறம் என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய எட்டு வயது மகள். ஆறு பேர், ஒரே வண்டி.

பிளான் முழுக்க என்னுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அறுபது பேரை வேலை வாங்குகிறவளுக்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய காரியமா? காலை ஐந்து மணிக்கு வண்டி எடுப்பது, குமணன்சாவடியில் டீ, ஏழரை மணிக்கு வாலாஜா தாண்டி ஒரு ஏரிக்கரையில் டிபன். அந்த ஏரியை ஒரு வாரம் போன் மேப்பில் தேடிக் கண்டுபிடித்தேன். கார் இறங்குவதற்கு மண் பாதை, கரையோரம் பனைமரம், மழை முடிந்து நிறைந்த தண்ணீர், எல்லாம் படத்தில் பார்த்துவிட்டேன். ஹைவே ஹோட்டலில் ஆறு பேருக்குத் தண்டம் அழ எனக்கு இஷ்டம் இல்லை. வீட்டிலேயே இட்லியும் மட்டன் குழம்பும் கட்டியாயிற்று.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "இன்னாக்கா நீ, ஏரி பாக்க நூறு கிலோமீட்டர் போவணுமா? நம்ம ஊட்டாண்டயே ரெண்டு ஏரி கீது" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தான். நீ வாயை மூடிக்கொண்டு வா என்றேன். அவன் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஏரி படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. சொன்னேனா இல்லையா என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். காற்றுதான் தொல்லை. பாயை விரித்து இலை போட்டால் இலை பறந்தது, மண் வாரி இட்லியில் விழுந்தது. ஒரு போர்வையைக் குறுக்கே கட்டினால் போதும். கட்டக் கொம்பு வேண்டுமே.

தண்ணீரில், கரையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, வரிசையாக மூங்கில் கழிகள் நடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் பழைய புடவைக் கிழிசல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சுடிதாரை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கழிகளை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். யாராவது எதற்காவது வைத்திருப்பார்கள், விடு என்றார் என் கணவர். ஏரி யார் அப்பன் வீட்டுச் சொத்து என்று கேட்டேன். கரையில் இரண்டையும் ஊன்றிப் போர்வையைக் கட்டினேன். காற்று நின்றது. எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தண்ணீரில் கால் நனைக்கப் போனார்கள். கணுக்கால் அளவுதான். நானே இறங்கிப் பார்த்த இடம், அதனால் பயம் இல்லை. மகன் கரையோரம் நின்று கல் எறிந்தான். தம்பி மகள் நத்தை ஓடு பொறுக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

அப்போது கரைமேல் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கத்தினார். ஐம்பது வயது இருக்கும், கைலியும் பழைய சட்டையும். என்ன கத்துகிறார் என்று காற்றில் புரியவில்லை. கையை வீசிக்கொண்டு எங்களை நோக்கிச் சரிவில் ஓடி வந்தார். கழிக்குச் சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். நான் எழுந்து நின்று ஆரம்பித்தேன். கம்பெனியில் பேசுகிற பேச்சுதான், இங்கே அதை எழுத முடியாது. ஒரு கழிக்கு இவ்வளவு ஆட்டமா, குடித்துவிட்டு வந்தாயா என்பதுவரை கேட்டேன்.

அவர் என்னைத் தாண்டி நேரே தண்ணீரில் இறங்கினார். குழந்தையின் மேல்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கரையில் விட்டார். குழந்தை வீறிட்டது. தம்பி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தான்.

அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். நான் கட்டிய போர்வையை அவிழ்த்து எறிந்து, ஒரு கழியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினார். குழந்தை நின்ற இடத்தில் நின்றார். முழங்கால்கூட முழுதாக நனையவில்லை. அங்கிருந்து கையை நீட்டி, ஒரு அடி முன்னால் கழியைச் செங்குத்தாக இறக்கினார். எட்டடிக் கழி. இறங்கிக்கொண்டே போனது. அவர் குனிந்து கையை மணிக்கட்டுவரை தண்ணீரில் விட்டார். தரை தட்டவில்லை.

"மண்ணு எடுத்த பள்ளம்மா. தண்ணி ரொம்பிட்டா தெரியாது. போன மழைக்கு என் எருமக்கன்னு இதுலதான் போச்சு. அடுத்தாப்ல மனுசன் போவக் கூடாதுன்னுதான் கழி நட்டேன்."

தம்பி மனைவி மகளை மடியில் போட்டுக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி அவர் சட்டையைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தத் தாவுல புடுங்குனே?"

ஒன்றைக் காட்டினேன். இன்னொன்று எந்த இடம் என்று தெரியவில்லை. இங்கே இருக்கலாம் என்று கையைக் காட்டினேன். இருக்கலாம் என்றால் எப்படி என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அப்புறம் அவரே கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் என் கணவரின் தோளைப் பிடித்தபடி, காலால் பள்ளத்தின் விளிம்பைத் தடவித் தடவித் தேடினார். ஒரு தடவை சறுக்கிக் கழுத்துவரை போய், என் கணவர் இழுத்து மேலே வந்தார். அரை மணி நேரம் ஆனது. நான் கரையில் மற்றக் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் ஒரு உத்தரவு போடவில்லை. போடத் தெரியவில்லை.

இரண்டையும் நட்டு முடித்து மேலே வந்தபோதுதான் அவர் எருமைகளைத் தேடினார். கரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய நெல்லில் இறங்கியிருந்தன. சாப்பிட்டுப் போங்கள் என்று நான் டப்பாவைத் திறப்பதற்குள் ஓடிவிட்டார். வயல்காரர் அவரைத் திட்டுகிற சத்தம் எங்கள் காதில் விழுந்தது. ஆத்தாளையும் அப்பனையும் சேர்த்துத் திட்டினார். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதாகக் கேட்கவில்லை. அந்தத் திட்டு எனக்கு விழ வேண்டியது. நான் கரையேறிப் போய் அதை வயல்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பத்து அடி நடந்தேன். அப்புறம் நின்றுவிட்டேன். யாருக்கும் பயப்படாதவள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவள் நான்.

ஏலகிரி போனோம், திரும்பி வந்தோம். நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் என் தம்பியே சிரிப்பான். இன்றைக்கும் லைனில் கத்துகிறேன், இன்றைக்கும் பிளான் போடுவது நான்தான். ஆனால் யாராவது என்னை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடி வந்தால், முதலில் என் வாயை மூடிக்கொண்டு, எதற்காக ஓடி வருகிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. தம்பி மகள் என்னை அத்தை என்று கூப்பிடும்போதெல்லாம், அவரிடம் நான் பேசிய பேச்சு ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் வருகிறது.