சேலை கட்டி வந்த வெல்டர்

என் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவளுக்கு நான் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்று மூன்று பட்டறை போட்ட ஆள் நான். வேறு யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்ததில்லை.

அப்போது அவளைப் பையன் என்றே நினைத்திருந்தேன். அவள் பற்றவைத்த இடம் என் கண்ணுக்கே தெரியாது. ஒருநாள் சேலை கட்டி வந்தாள். "ஒழுங்கா பேன்ட் போட்டுட்டு வா, சம்பளம் தர்றேன்" என்றேன். அவள் திரும்பி வரவே இல்லை.

பத்து வருடம் கழித்து என் பேத்தி அவளை அழைத்து வந்தாள்.

"நம்ம வீட்டு கேட் வேலைக்கு இந்த அக்காதான், தாத்தா."

"அக்காவா? அவன்..."

"அவங்க, தாத்தா. சொன்னா வாய் வலிக்குமா?"

பேத்தி வயசுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

வந்தவள் சிரித்தாள். "இப்பவும் சேலைதான் முதலாளி. தருவீங்களா?"

"தராம? கையை நீட்டும்மா" என்று அந்த இரண்டு மாதச் சம்பளத்தை அவள் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.