இறுக்கிக் கட்டிய இறக்கை

"ஏறுங்கள்" என்று அவரிடம் சொல்லலாமா, கூடாதா?

என் கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின் பழுதுபார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒருவர் மட்டும் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டியிருக்கிறார். மரச்சட்டம், துணி இறக்கை, கூரையில்லாத இருக்கை. பழைய காலத்துப் படங்களில் இருக்குமே, அப்படி.

"கம்பெனி மிஷின்ல கோளாறுன்னா திரையில ஒரு நம்பர் வரும். உள்ள என்னன்னு யாரு கண்டா? இங்கன பாரு" என்று பிடியை இழுப்பார். கம்பி நகரும், வாலில் உள்ள மடல் மேலே தூக்கும். ஒளிவுமறைவே கிடையாது. பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். மறுகணம், இவரைத் தாங்கப் போவது இந்தத் துணியா என்று அதை விரலால் தடவிப் பார்ப்பேன்.

இறக்கையில் போர்த்திய துணியை உள்ளிருக்கும் மெல்லிய சட்டங்களோடு நூலால் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த நேரத்தில் அதை நானே செய்கிறேன் என்றேன். என் கை போட்ட முடிச்சென்றால் பயம் குறையும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா உதவிக்கு வந்தார். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவர்.

"யாத்தே, டீச்சர்! பூக் கட்டுற மாதிரில்ல கட்டுறீக. இறுக்குங்க. லூசா சுத்துனா வெடி புஸ்ஸுன்னு போயிரும்."

"இது வெடிக்கக் கூடாதுக்கா."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கினார். எங்கள் ஊரில் இறுக்கம்தான் நல்ல வேலைக்கு அடையாளம். நானும் பல்லைக் கடித்து இழுத்தேன்.

துணிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். இருவர் கையும் அப்படியே நின்றது. வெடி செய்யும் இந்தப் பக்கத்தில் சின்னச் சத்தத்துக்கும் கை நின்றுவிடும்.

கணவரைக் கூப்பிட்டேன். அந்த இடத்தில் மட்டும் பிளேடால் துணியைக் கீறினார். சட்டம் மயிரிழையாக விரிசல் விட்டிருந்தது.

"கைப்பழக்கம் தம்பி" என்றார் அக்கா, முகம் வெளுத்து.

"விடுங்கக்கா. மேல போயி ஒடியாம இங்கனயே ஒடிஞ்சிச்சே."

அந்தச் சட்டத்தை மாற்றினார். எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்து, எவ்வளவு இழுக்கலாம் என்று காட்டிக்கொடுத்து மறுபடி கட்ட வைத்தார். மற்ற சட்டங்களை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்ததோடு சரி, துணியைத் திறக்கவில்லை. பிறகு அதன்மேல் பெயின்ட் ஏறிவிட்டது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பாரே, அந்த விமானத்தில் கண்ணுக்குத் தெரியாத இடம் நான் கட்டிய இறக்கை மட்டும்தான்.

விமானத்தைச் சோதிக்க வந்த அதிகாரிகளும் தட்டிப் பார்த்தார்கள், இறக்கையில் அதற்கென்று விட்ட சின்னத் துளை வழியே தெரிந்த மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பறக்க அனுமதி வந்துவிட்டது. "நீ சரின்னு சொன்னாத்தான் ஏறுவேன்" என்கிறார் இவர். "அப்பா எப்பம்மா பறப்பாக?" என்று மகள் தினமும் கேட்கிறாள். நான் கொட்டகைக்குப் போய் ஒவ்வொரு சட்டமாக விரலால் அழுத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு திரும்புகிறேன்.

வேறு சட்டமும் விரிசல் விட்டிருக்கிறதா என்று துணி முழுவதையும் கிழித்துப் பார்க்கச் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கிழிப்பார். அவர் முகம் எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும். அப்படிக் கேட்பது நியாயமான எச்சரிக்கையா, என் பயம் மட்டும்தானா? இப்படி ஒருவரை வழியனுப்பிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், நான் என்ன சொல்லட்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.