இரண்டு மணிக்கூடுகளுக்கு நடுவே

மகள் எழுதும் நாவலை அவளுக்குத் தெரியாமல்தான் முதலில் படித்தேன். கொப்பியைக் குசினி மேசையில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். உயர்தரம் படிக்கும் ஒரு பெண், குளத்தில் மூழ்கி இறந்த ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் நாளுக்கு அரைமணி நேரமே வருவான்: புதிய நேரத்தில் ஆறு அடித்த பிறகு, பழைய நேரத்தில் ஆறு அடிக்கும்வரை.

அந்த அரைமணி நான் சொன்ன கதை. அவள் பிறந்த காலத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை அரைமணி முன்னே தள்ளியிருந்தது. இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். அரசாங்கப் பக்கத்து வவுனியாவுக்குப் போனால் கையில் கட்டிய மணிக்கூட்டைத் திருத்த வேண்டும்.

மாலையில் படித்ததை ஒப்புக்கொண்டேன். ஏன் செத்தவனைக் காதலிக்க வைத்தாய் என்றும் கேட்டேன்.

"பேய்க்குக் குறிப்புக் கேக்கமாட்டினம், அம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளோடு வேலை செய்யும் துணுக்காய் ஊர்ப் பொடியனின் சாதகக் குறிப்பும் இவளுடையதும் பொருந்தவில்லை என்று அவனுடைய தாய் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதன்பின் மகள் அவனைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் கொப்பியில் மூழ்கியவனுக்கும் அவனைப் போலவே இடது புருவத்தில் தழும்பு இருந்தது.

அந்த அரைமணி அவளுடைய குறிப்பிலும் புகுந்திருக்கலாம் என்று அன்று படுத்த பிறகுதான் உறைத்தது. எழும்பி அலுமாரியைத் திறந்தேன். இடம்பெயர்ந்தபோதெல்லாம் உடுப்பைக் குறைத்து நாட்குறிப்புகளைச் சுமந்தவள் நான். அவள் பிறந்த நாளின் பக்கத்தில் இருந்தது: "காலை 5.40, பழைய நேரம். பெண். அவர் இன்னும் வரவில்லை."

சாதகக் குறிப்பு எழுதுவித்தது பின்னாளில், வவுனியாப் பக்கம் நெளுக்குளத்தில் இருந்தபோது. சாத்திரியார் நேரம் கேட்டார். நாட்குறிப்பைப் பார்க்காமலே ஐந்து நாற்பது என்றேன். எந்த நேரம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் தன் ஊர் வழக்கப்படி புதிய நேரமென்று எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் எழுதி வைக்கும் நான் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை வேறொரு சாத்திரியாரிடம் திருத்தி எழுதுவித்தேன். அரைமணியில் நட்சத்திரமே மாறியது. பொருத்தம் இருக்கிறது என்றார். மகளிடம் சொல்லாமல் அடுத்த நாள் துணுக்காய்க்கு பஸ் ஏறினேன்.

பொடியனின் தாய் புதிய தாளைப் பார்த்துவிட்டு, விருப்பத்துக்கு எழுதுவித்தது இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டா. கேட்டது நியாயம். யாருக்கும் காட்டாத நாட்குறிப்பை விரித்துக் கொடுத்தேன். அவா விரலை வைத்து வாசித்தா. கடைசி வரியில் விரல் நின்றது.

"பிள்ளையின்ரை தகப்பன் பிறகு வந்தவரோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவா நாட்குறிப்பை மூடி என்னிடம் தந்தா. பிறகு உள்ளே போய் மகனின் குறிப்பை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டா.

"என்ரை மோனும் பழைய நேரத்திலைதான் பிறந்தவன். நான் சாத்திரியாருக்கு எதைச் சொன்னனானோ தெரியாது. உங்களைப் போல எழுதி வைக்கேல்லை."

ஒரு தாள் சரி, மற்றதைச் சரிபார்க்க இனி வழியில்லை. அவா இரண்டையும் ஒன்றாக மடித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினா.

"அவன் ரெண்டு மாசமாச் சரியாச் சாப்பிடுறேல்லை. பிள்ளையைக் கதைக்கச் சொல்லுங்கோ."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். அழைக்காமல் அதையே பார்த்தபடி நின்றாள். கொப்பியில் அந்தப் பெண் குளக்கட்டில் நிற்கும் இடத்தோடு எழுத்து நின்றிருந்தது. நான் சோற்றுக்கு உலை வைத்தேன். பிறகு அவளுடைய குரல் கேட்டது, மிகத் தணிந்து.

நாட்குறிப்பில் எழுதினேன்: "மாலை 6.05. கதைக்கிறாள்." எந்த நேரம் என்று எழுதப் போன கையை நிறுத்தினேன். இப்போது எல்லோருக்கும் ஒரே நேரம்தான். பழைய நேரம் இருந்தபோது போனவர் அவர்; வந்தால் அது அவருக்குத் தெரியாது.