சூலகம் போன பிறகும் வந்த நோவு

இதை நான் எழுதுவது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டி வந்தாலே கை வியர்த்துவிடும். அதிலும் எழுதப்போவது அடிவயிற்றுச் சங்கதி. முகம் சுளிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கர்ப்பப்பையின் உள்ளே இருக்கும் சவ்வைப் போன்ற ஒன்று, எனக்கு அதற்கு வெளியேயும் ஒட்டி வளர்ந்திருந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். அந்தப் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகவே எனக்கு நீண்ட காலம் பிடித்தது. கருமுட்டை உருவாகும் சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் என்ற ஓமோன்தான் அதற்குத் தீனி என்பதால், கடைசியில் கர்ப்பப்பையோடு இரண்டு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள்.

கொஞ்சக் காலம் சுகமாக இருந்தது. பிறகு நோவு திரும்பி வந்தது. முன்பு அது மாதத்தில் இன்ன நாள் என்று சொல்லிக்கொண்டு வரும். அந்த நாட்களில் தொழுகையும் இல்லை, சுருண்டு கிடக்கலாம். இப்போது நாளும் இல்லை, பொழுதும் இல்லை. இரத்தம் போவதில்லை என்பதால் ஐந்து வக்தும் தொழ வேண்டும். ஸுஜூதுக்குக் குனிந்தால் இடுப்புக்குள் நூலைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கும். கதிரையில் உட்கார்ந்து தொழத் தொடங்கினேன்.

வீட்டில் அபாயா தைத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு கை தைத்து முடிப்பதற்குள் எழும்பிக் குசினிக்குப் போவேன், அங்கிருந்து வாசல் கேட்டடிக்கு வருவேன், மறுபடி மெஷினில் உட்காருவேன். எங்கே இருந்தாலும் வேறு இடத்தில் இருந்தால் நல்லது போல இருக்கும். கணவர் கத்தாரில். ஏலாத நாளில் ஒரு பிடி சோறு தர அடுத்த வளவில் இருக்கும் என் கூடப்பிறந்த ராத்தாவை விட்டால் ஆளில்லை. அவளோ என் நோவை நம்பவில்லை.

"எல்லாத்தையும் வெட்டி எடுத்தாச்சி. இல்லாத சாமான் எப்படிகா நோகும்?" என்பாள்.

"நோகுது ராத்தா."

"உனக்கு மூத்தவள் நான், நிலத்தில தலைய வெச்சித் தொழுறன். நீ கிழவி மாதிரி கதிரையில இரிக்காய். மனச உறுதியா வெச்சிக்க புள்ள, எல்லாம் போகும்."

அந்த முறை கிளினிக்குக்குத் தனியாகத்தான் போனேன். இளம் வயது டொக்டர், தமிழ்ப் பிள்ளை. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "அக்கா, நோவுதெண்டா நோவுதுதான்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூலகம் இல்லாவிட்டாலும் மிஞ்சியிருக்கும் அந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரஜனைத் தானே அந்த இடத்திலேயே செய்துகொள்ளுமாம். அந்த இடத்தில் அழற்சி இருந்தால் இன்னும் கூடச் செய்யுமாம். அப்படிச் செய்யச் செய்ய அழற்சியும் கூடுமாம். அதைச் செய்யவிடாமல் தடுக்க ஒரு குளிசை எழுதித் தந்தார். எலும்பு நோகலாம், கல்சியமும் சேர்த்துப் போடுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ் யன்னலால் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீரை மறித்திருந்தார்கள். வயலெல்லாம் வெடித்துக் கிடக்க, ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. அதன் வரம்போரம் கிணறும் மோட்டரும்.

இறங்கியதும் பாமசிக்குப் போனேன். கடைக்காரர் மருந்துத் துண்டைப் பார்த்துவிட்டு உரத்த குரலில், "இது மார்புப் புத்துநோய்க்காரருக்குக் குடுக்கிற குளிசையெல்லா? ஆருக்கு, உங்களுக்கா?" என்று கேட்டார். பின்னால் எங்கள் தெரு ஆட்கள் நின்றார்கள். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அஸர் தொழுது முடிக்கவில்லை, ராத்தா அழுதுகொண்டு ஓடி வந்தாள்.

"யா அல்லாஹ், உன்ன நான் என்னெல்லாம் பேசிட்டன்! இனி நீ ஒரு வேலையும் செய்யாத. சோறு நான் தாறன்."

அவள் பின்னாலேயே தெருவிலிருந்து மூன்று பெண்கள், ஒருத்தி கையில் தோடம்பழத்தோடு, வந்து உட்கார்ந்தார்கள்.

"முடி கொட்டுமாமே?" என்றாள் ஒருத்தி.

"அவக்கி அப்படியேதானே இரிக்கி," என்றாள் மற்றவள்.

"இனித்தான் கொட்டும்."

ராத்தா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இந்த நோவு தொடங்கிய பிறகு அவள் அப்படித் தடவியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் அந்தக் கை எடுபட்டுவிடும் என்று தெரிந்தது. தேத்தண்ணி ஊற்றப் போவதாகச் சொல்லிக் குசினிக்குப் போனேன், ஊற்றாமல் திரும்பி வந்தேன். இருந்தேன், எழும்பினேன், மறுபடி இருந்தேன்; ராத்தாவின் கை திரும்பவும் என் முதுகுக்கு வந்தது. அப்போது அவள் மற்றக் கையால் போனை எடுத்தாள்.

"மச்சானுக்குச் சொல்லப் போறன். வேலைய உட்டுப்போட்டு வரட்டும்."

"ராத்தா, சொல்லாத. எனக்குப் புத்துநோய் இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பழைய நோவுக்குத்தான் அந்தக் குளிசை. கடைக்காரர் மாறி விளங்கிட்டார்."

தோடம்பழம் கொண்டுவந்தவளின் முகம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது. "அப்ப சும்மா நோவுதானா?" என்று கேட்டாள்.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "சும்மா நோவில்ல," என்றேன். பிறகு ராத்தாவைப் பார்த்தேன். அவளுக்கு வயல் இருக்கிறது. "வாய்க்கால மறிச்சா வயல் காயுமெல்லா?"

"ஓம், காயும்."

"வரம்புல சொந்தக் கிணறு இருந்தா?"

"அது எப்படிக் காயும்?"

"என்ட வயித்துக்குள்ளயும் அப்படித்தான். வாய்க்கால வெட்டிட்டாங்க. மிஞ்சிக் கிடக்கிறது தனக்கெண்டு கிணறு தோண்டி வெச்சிருக்கு. அந்த மோட்டர நிப்பாட்டத்தான் இந்தக் குளிசை."

"நிக்குமா?" என்றாள் ராத்தா.

"தெரியாது. நிக்கலாமெண்டுதான் சொன்னாங்க."

"அப்ப முடி கொட்டாதா?" என்றாள் முதலாமவள்.

ராத்தா என் முதுகிலிருந்து கையை எடுத்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, மூலையில் இருந்த தொழுகைக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் எல்லோரும் எழும்பிப் போனார்கள். அவளும் போனாள். நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொழுதுவிட்டு, கேட்டுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் குளிசையைப் போட்டேன். பகல் ராத்தா சோறும் மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நோவு இருந்தது.