ஜெரோம் சார் நோட்டில் கடைசி வரி

செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் முருகேசன், மருமகள் செல்வி, பேத்தி இசக்கி, கபடி கோச் தங்கராஜ், அப்புறம் நான். தங்கராஜ் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தான். அவன் போன்தான் அடித்தது. கேட்டுவிட்டு, "ஜெரோம் சார் போயிட்டாராம். நெஞ்சுவலி" என்றான். செல்வி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். இசக்கிக்கு ஒரே வீச்சில் எழுந்திருக்க வராது. சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முருகேசன் மட்டும், "நல்ல மனுசன்" என்றான்.

களக்காட்டு மைதானத்தில் இசக்கிக்கு அடிபட்ட அன்றைக்கு நின்றதும் இதே ஆட்கள்தான். ஜெரோம் சார் ஒருவர்தான் குறைவு.

அவரைத் தெரிந்தவர்கள் படிப்பதற்காக எங்கள் பெண்கள் கபடி டீம் ஒரு நினைவு மலர் போடுகிறது. ஆச்சி, நீங்களும் எழுதுங்கள் என்றார்கள். செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் எழுத எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது.

ஜெரோம் சார் கடற்கரை ஊர்க்காரர். பாளையங்கோட்டையில் குடியிருந்தார். பிள்ளைகளுக்கு அடிபட்டால் பார்க்கிற பிசியோ. ஐஸ் கட்டியை மீன் கொண்டுபோகிற தெர்மோகோல் பெட்டியில் போட்டுத் தோளில் தூக்கி வருவார். பெட்டியைத் திறந்தால் சாளை மீன் வாடை அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சார், முட்டுக்கு ஐஸா, குழம்புக்கு ஐஸா?" என்று கேட்பார்கள். "ரெண்டுக்கும் ஒரே ஐஸ்தான், காலை நீட்டு" என்பார்.

இன்னொரு கையில் நோட்டு இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பக்கங்கள். எங்கே வலி என்று அவள் என்ன சொல்கிறாளோ அதை அவள் வார்த்தையிலேயே எழுதுவார். அதற்குக் கீழே, தன் கை தொட்டுப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுவார். அப்புறம் என்ன வைத்தியம் செய்தார், அவள் ஆடலாமா கூடாதா. எழுதி முடித்ததை உரக்கப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். "வலிக்கு சார்" என்று மொட்டையாகச் சொன்னால் விட மாட்டார். "எப்படி வலிக்கு? குத்துதா, இழுக்கா, எரியுதா?" ஒரு பிள்ளை, "முட்டுக்குள்ள நண்டு ஊருத மாதிரி இருக்கு சார்" என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். "நண்டைத் தெரிஞ்ச ஆள்ட்ட சொல்லுத. நேரா ஊருதா, பக்கவாட்டுல ஊருதா?" என்று கேட்டார்.

அவரோடு எனக்கு முதல் சண்டை இசக்கியின் கணுக்காலால் வந்தது. பிசகி வீங்கியிருந்தது. அவர் ஐஸ் வைத்து அனுப்பியிருந்தார். நான் எண்ணெயைச் சுடவைத்து நீவிவிட்டேன். மறுநாள் அவர் காலைப் பார்த்துவிட்டு எழுதினார்: "ஆச்சி சூடான எண்ணெய் போட்டு நீவியதால் வீக்கம் கூடியது." அத்தனை பிள்ளைகளுக்கு நடுவே அதை உரக்கப் படித்தார்.

நான் விடுவேனா? "என் பேரை எப்படி வே எழுதலாம்? அதை அடியும்" என்றேன்.

"அடிக்க மாட்டேன் ஆச்சி. ஒரு வரிய அடிச்சா மத்த வரிய யாரு நம்புவா? நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. கீழ எழுதுதேன்."

"எழுதும். எங்க அம்மை நீவி, நான் நீவி இந்த ஊர்ல பாதிப்பேரு நடக்காங்க. இந்த ஆளு மீன் பெட்டியில ஐஸ் கொண்டாந்து வச்சுத்தான் வீங்கிச்சு."

ஒரு சொல் விடாமல் எழுதினார். "மீன் பெட்டி" என்ற இடத்தில் குரலை உயர்த்திப் படித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வீக்கம் ஐஸால் வந்ததுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அதுதான் அவர் வழக்கம். எழுதினதை அடிக்க மாட்டார். யார் மறுத்தாலும் மறுத்ததைக் கீழே எழுதிக்கொள்வார். நோட்டு பொய் சொல்லக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் எங்கள் குடியைக் கெடுத்தது.

களக்காட்டு மேட்ச் அன்றைக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். இசக்கி நன்றாக ஆடினால் அரசாங்க வேலை. வீட்டில் பல மாதமாக அதே பேச்சு. ஆனால் முந்தின வாரமே பயிற்சியில் அவள் முட்டு மடங்கியிருந்தது. காலையில் பஸ் படி ஏற முடியாமல் அவள் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். பின்னால் நின்று இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டது அவள் அப்பன் முருகேசன். ஏற்றிவிட்டு அவள் காதில் சொன்னான்: "சார் கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிரு." நான் அடுத்த படியில் நின்றேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. சார் கேட்டதும், "திரும்பினா உள்ள நழுவுது சார்" என்றாள். அவர் எழுதினார். காலை முட்டில் லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். இன்னொரு காலையும் அதே மாதிரி இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஜவ்வு தளர்ந்திருக்கிறது. ஆடக் கூடாது" என்று எழுதிப் படித்தார்.

முருகேசன் குறுக்கே வந்தான். "என்னவே எழுதுதீரு? இன்னைக்குப் போயி ஆடக் கூடாதுன்னா? அதை அடியும்."

"அடிக்க மாட்டேன் அண்ணாச்சி. இன்னொரு திருப்பு திருப்பினா முழுசாக் கிழிஞ்சிரும்."

"அப்ப நான் சொல்லுததைக் கீழ எழுதும். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. ஆடுவா. எல்லாத்துக்கும் அப்பன் நான் பொறுப்பு."

சார் அவனைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். எழுதினார். அந்த மனுசன் எழுதினார். வழக்கப்படி படித்துக் காட்டினார். முருகேசன் கையெழுத்துப் போட்டான்.

தங்கராஜ் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கு எப்போதும் அவசரம். நோட்டில் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பான். அன்றைக்கும் அதைத்தான் பார்த்தான். "பொறுப்பு போட்டாச்சுல்லா, பெறவென்ன? இசக்கி, வா உள்ள" என்றான். செல்வி அழ ஆரம்பித்தாள். நான் தங்கராஜ் கையைப் பிடித்தேன். "ஆச்சி, பைய போயி உக்காருங்க" என்று உதறிவிட்டான். "மேல உள்ளதைப் படி தங்கராஜ்" என்று சார் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். உட்கார்ந்த இடத்தில் இருந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

முதல் ரெய்டில் தொட்டுவிட்டுத் திரும்பினாள். காய்ந்த முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். நடுக்கோட்டை எட்டித் தொடக் கையை நீட்டினாள், எட்டவில்லை. ஆள் எடுக்க வந்தவர்கள் அடுத்த பிள்ளை பெயரைக் கேட்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஜெரோம் சார் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து வந்து காலை மடக்கவைத்தார். யாரும் கூப்பிடவில்லை. இசக்கி ஒருநாள் ஐஸ் பையை அவர் முகத்திலேயே எறிந்து, "இதையும் எழுதிக்கோங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: "ஐஸ் பையை எறிந்தாள். கையில் பலம் குறையவில்லை." பல நாளைக்கு அப்புறம் பிள்ளை அன்றைக்குத்தான் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"உம்ம நோட்டு சுத்தமா இருக்கு சார். எம் பிள்ளை காலுதான் போச்சு" என்றேன்.

அதையும் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, "அன்னைக்கு நோட்டைத் தூக்கிப் போட்டுட்டு களத்துல குறுக்க போயி நின்னிருக்கணும் ஆச்சி" என்றார்.

"ஆமா. நின்னிருக்கணும்" என்றேன். பரவாயில்லை என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த தடவையும் வந்தார்.

நெஞ்சு வலித்தபோது வீட்டம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றாராம். வேறு யாராவது அவரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அதை எழுதி, அடுத்த வரியில் அவர்கள் பொய்யை உடைத்திருப்பார்.

அடக்கம் முடிந்து மாதா கோயில் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். பேசுகிறவர்கள் பேசலாம் என்றார்கள். முருகேசன் எழுந்தான். சாரைப் புகழ்ந்தான். அப்புறம் சொன்னான்: "எம் மக விசயத்துல சாருக்கு ரொம்ப மனவருத்தம். அன்னைக்கு அவரு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஆடவிட்டிருப்பனா?"

சாரின் வீட்டம்மா குனிந்த தலை நிமிரவில்லை. கூட்டம் முழுக்கத் தலையை ஆட்டியது. "ஏலே, உக்காரு" என்றேன். "எம்மா, நீ சும்மா இரு" என்றான். இசக்கி எழுந்து வெளியே நடந்தாள். நொண்டி நடக்கிற சத்தம் அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் கேட்டது. அவளை நிறுத்தி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் இப்போது டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். நாள் முழுக்க நிற்கிற வேலை. மாடியில் இருந்து துணி எடுத்துவரச் சொன்னால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறாள்.

ஜெரோம் சாரிடம் இருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது ஒன்றுதான். ஒருத்தர் சொன்னதை அடிக்க வேண்டாம், கீழே எழுத வேண்டும். முருகேசன் மண்டபத்தில் சொன்னதை நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதுகிறேன்: ஜெரோம் சார் ஆடக் கூடாது என்று சொன்னார். எழுதினார். படித்தும் காட்டினார். நான் காதால் கேட்டேன்.

கடைசி வரியை மட்டும் படிக்கிற தங்கராஜுக்காக இதையும் கடைசியில் வைக்கிறேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் போவேன், பந்தியில் கை நனைக்க மாட்டேன். ஜெரோம் சார் மேல் இருந்த கோபத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன், அவரும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் மன்னிக்காத ஆள் ஒருத்தன் இருக்கிறான். அவன் போடுகிற சோற்றைத்தான் தின்கிறேன். இதைப் படித்த பிறகும் போடுவான், நானும் தின்பேன், மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் முருகேசன். நான் பெற்றவன்.