இரண்டாம் ராணிக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

ஆறு கலியாணம் கட்டிய இங்கிலாந்து ராசாவை வைத்துக் கூத்துப் போடுவது என்று எங்கள் பங்குக் கமிட்டி முடிவெடுத்தது, இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்றாவதோ நாலாவதோ குளிர்காலத்தில். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கருக்கு வெள்ளைக்கார ராசாக்களைக் கூத்தில் ஆட்டிவைப்பது புதிதில்லை. மொன்றியலில், கோயிலின் கீழ் மண்டபத்தில் ஆட்டிவைப்பதுதான் புதிது. கமிட்டித் தலைவரே எழுதினார், அவரே ராசா. வயிறு ஏற்கெனவே பொருத்தமாக இருந்தது.

அவருடைய எழுத்தில் முதல் ராணி புனிதவதி. இரண்டாம் ராணி சூனியக்காரி, கையில் ஆறு விரல், அரண்மனை ஆம்பிளைகளில் பாதிப்பேரைக் கெடுத்தவள், அதனால் தலை போனவள். முதல் ராணி வேஷத்துக்கு நாலு பேர் அடிபட்டார்கள். இரண்டாவதுக்கு ஈ காகம்கூடக் கிட்ட வரவில்லை. கலியாணம் பேசுகிற வயதில் இருக்கும் மகளை அந்த வேஷத்துக்கு எந்தத் தாய் விடுவாள்? ஊர் வழக்கப்படி ஆம்பிளை ஒருவர் சேலை கட்டலாம் என்றால், மீசை வழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் பாடகர் குழுவில் பாடும் ஒரு பிள்ளை எழும்பினாள். "நான் நடிக்கிறன். என்ட பேர் இனிக் கெடுறதுக்கு என்ன கிடக்கு?" என்றாள்.

அவளுக்கு நகரத்தின் மேற்குப் பக்கம், கர்க்லாண்டில் ஒரு சம்பந்தம் பொருந்தி, நிச்சயம் செய்கிற அளவுக்குப் போயிருந்தது. அந்தப் பெடியனை அவளுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து, அவள் யாரோ ஒரு ஆம்பிளையோடு காரில் திரிகிறாள் என்று கதை கிளம்பியது. மாப்பிள்ளையின் தாய் "பேந்து பார்ப்பம்" என்று நிச்சயத்தைத் தள்ளிப்போட்டுவிட்டா.

கதையைக் கிளப்பிய புண்ணியவதி நான்தான். ஒரு சனிக்கிழமை கர்க்லாண்டில் ஒரு கடை வாசலில் கண்டேன். சிவப்புக் கோட்டு, தலையை மூடிய தொப்பி, முதுகு மட்டும். ஒருவனுடைய காரில் ஏறிப் போனது. "அவளைக் கண்ட மாதிரிக் கிடந்தது" என்று அடுத்த நாள் பூசை முடிய ஒருத்தியிடம் சொன்னேன். மூன்றாம் வாய்க்குப் போகும்போது அந்த 'மாதிரி' கழன்று விழுந்துவிட்டது. நாலாம் வாயில் கார்க்காரனுக்குப் பெண்சாதியும் இரண்டு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அந்த வருஷம் மலிவு விற்பனைக்கு வந்த அந்தச் சிவப்புக் கோட்டை ஒருத்தி வாங்கினாள் என்று பங்கில் ஒன்பது பேர் வாங்கியிருந்தோம். என் வீட்டிலும் ஒன்று தொங்கியது. இது ஏன் மூளைக்கு எட்டவில்லை என்று கேட்காதீர்கள். வாய்க்கு இருந்த அவசரம் மூளைக்கு இருக்கவில்லை.

எனக்குக் கிடைத்த வேஷம், ராணிக்கு எதிராகச் சாட்சி சொல்லும் தோழி. ஆண்டவருக்கும் பகிடி தெரியும். உடுப்புத் தையலும் என் தலையில் விழுந்தது. ஒரு நாள் ராணியின் கழுத்துப் பட்டியைத் தைத்துக்கொண்டே, நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் வாசித்ததை அவிழ்த்துவிட்டேன். "இந்த ராணி பாவம் பிள்ளை. இன்ன நாள் இன்ன இடத்தில பிழை செய்தவ எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். அதில கன நாள் அவ அந்த இடத்திலேயே இல்லையாம். ஆறு விரலும் செத்தாப்பிறகு ஆரோ ஒட்டினது."

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தச் சனிக்கிழமை நான் ஆத்துக்கு அங்கால, லொங்கேயில வேலையில நிண்டனான், அக்கா. வேணுமெண்டால் கேட்டுப் பாருங்கோ."

நான் ஊசிக்கு நூல் கோர்க்கிற பாவனையில் குனிந்துகொண்டேன். யார் சொன்னது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகும் மூன்று கிழமை வாயைத் திறக்காமல் ஒத்திகைக்குப் போய்வந்தேன். அப்படிப்பட்ட வீராங்கனை நான்.

கூத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாப்பிள்ளை, பக்கத்தில் தாய். "கண்டேன், என் இரு கண்ணால் கண்டேன்" என்று நான் தொடங்க வேண்டும். மத்தளம் இரண்டு தரம் எடுத்துக்கொடுத்தும் பாட்டு வரவில்லை.

"நான் காணேல்லை," என்றேன். "பின்பக்கம்தான் பாத்தனான். சிவப்புக் கோட்டு. கர்க்லாண்டில நிண்டது இந்தப் பிள்ளையில்லை, இவ அண்டைக்கு வேலையில. கதை கட்டினது நான்."

மண்டபம் ஒரு கணம் முழித்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. இங்கிலாந்து அரண்மனைக்குள் கர்க்லாண்ட் வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? விசிலடித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. ராசா பல்லைக் கடித்தபடி, "பாட்டைப் பாடும் பிள்ளை, பாட்டைப் பாடும்" என்றார். "இது பகிடியில்லை" என்று கத்தினேன். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல்.

மத்தளம் அடுத்த காட்சிக்குத் தாவியது. ராணியின் தலையை வெட்டப் பிரான்சிலிருந்து வரவழைத்த வாள்காரன் மேடைக்கு வந்து "பொன்ஜூர்" என்றான். தலைவர் எழுதிய ஒரே நகைச்சுவை அதுதான், அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ராணி தலை கொடுக்க நடந்தாள். என்னைக் கடக்கும்போது நின்றாள்.

"அவரின்ட அம்மாவின்ட வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "கூத்தில சொன்னால் ஆர் நம்புறது?"

பிறகு போய் முழங்காலில் இருந்து கழுத்தை நீட்டினாள். முன்வரிசை இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.